நீ இல்லாத போட்டோக்கள்

நித்யாவுக்கு,

நேற்று சாயங்காலம் நான் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது நீ வந்து உன் போனை என் கையில் திணித்தாய். "ம்மா, நீயே அழிச்சிடு. எனக்குக் கை வர மாட்டேங்குது" என்றாய். நான் ஏதாவது கேட்பதற்குள் மாடிப்படி ஏறிப் போய்விட்டாய். ஈரக் கையோடு, கீழே போட்டுவிடுவேனோ என்ற பயத்தோடு, அந்தப் போனைக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ திரும்பிப் பார்த்திருந்தால் அதையும் ஒரு படம் எடுத்திருப்பாய். உன் பாட்டு பேண்டு படங்கள் அத்தனையும் அந்தப் போனில் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன்னால் அவற்றை நான் அழித்துக் கொடுக்க வேண்டும் என்பது உன் உத்தரவு.

இதற்கு நேரிலேயே பதில் சொல்லலாம். ஆனால் நம் வீட்டில் நேரில் எதையாவது முழுதாகப் பேச முடிகிறதா? நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் குக்கர் விசில் அடிக்கும். இன்னொன்றை ஆரம்பித்தால் மெஸ்ஸில் சாப்பிடுகிற ஒருத்தன் வந்து "அக்கா, ரசம் கீதா?" என்பான். மிச்சத்தை முடிப்பதற்குள் நீ "சரிம்மா, வுடு" என்று எழுந்துவிடுவாய், எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தினாலும் தமிழில் மார்க் வாங்கியவள் நான், நீளமாகத்தான் எழுதுவேன். உட்கார்ந்து படி. பேக்கிங் லைன் வேலைக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாயே, அப்படி ஓடிக்கொண்டே படிக்காதே.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு முறை சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் வருங்கால மாமியாரும் மாப்பிள்ளை தினேஷின் அக்காவும் குன்றத்தூரிலிருந்து முகூர்த்தப் புடவையைக் காட்ட வந்தார்கள். புடவை நன்றாகவே இருந்தது. காபி குடித்தார்கள், கேசரியைப் பாராட்டினார்கள். அதற்கப்புறம் அந்த அக்கா தன் போனை நீட்டி, "இது நித்யா பேஜ்தானே ஆன்ட்டி?" என்றாள். வார லீவில் மட்டும் வாசிப்பதால் 'வீக் ஆஃப்' என்று நீங்கள் பேர் வைத்த பேண்டின் பேஜ். நான் அசட்டுத்தனமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆமாம்மா, அவங்க பேண்டுதான். நம்ம பொண்ணுதான் டிரம்ஸ்" என்றேன். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. எல்லாம் பசங்க படமாவே கீது. பனியனோட ஒருத்தன், லுங்கியோட ஒருத்தன், வாயத் தொறந்துகினு தூங்கற ஒருத்தன். பாட்டுப் பாடற மாதிரி ஒரு படம்கூட இல்ல."

"எங்க நித்யாவும்தான் ஒரு படத்துலயும் இல்லியே" என்றேன், பெரிய வாதத்தை வைத்துவிட்டவள் போல.

"அதான் ஆன்ட்டி. அவ இல்லேன்னா, அத எடுத்தது யாரு?"

அவள் விரலால் தள்ளிக்கொண்டே போய் ஒரு படத்தில் நிறுத்தினாள். இசக்கி பனியனோடு குழாயடியில் நின்று முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற படம். "ஒரு ஆம்பளப் பையன் இந்தச் சிரிப்பு சிரிக்கணும்னா எதிர்ல யாரு நின்னுகினு இருந்திருக்கணும்? நீங்களே சொல்லுங்க" என்றாள். உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்: "பொண்ணு மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்லமா. கல்யாணத்துக்கு முன்னாடி அத மட்டும் எடுத்துட்டா நல்லாருக்கும். சொந்தக்காரங்க ஒவ்வொருத்தருக்கா என்னால பதில் சொல்லிகினு இருக்க முடியாது." கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். ஊர் வாய்க்குப் பயப்படுகிறவர், அவ்வளவுதான். ஊர் வாய்க்குப் பயந்திருந்தால் நான் இந்த மெஸ்ஸை ஒரு நாள்கூட நடத்தியிருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

அதற்குள் நீ வடைத் தட்டோடு வந்து, "சரிங்க அத்தை, எடுத்துடறேன்" என்றாய். நித்யா, நீ எதற்கும் அவ்வளவு சீக்கிரம் 'சரி' சொல்லி நான் பார்த்ததில்லை. கத்தரிக்காய்க் கூட்டில் தேங்காய் போடலாமா வேண்டாமா என்பதற்கே என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் நீ. அவர்கள் போனபின் கேட்டதற்கு, "பேஜ்ல மட்டும் எடுத்தா போன்ல இருக்கும், அதுவும் ஒரு நாள் பிரச்சனை ஆவும். மொத்தமா போவட்டும்" என்றாய். தினேஷ் இன்னா சொல்றான் என்றேன். "அம்மா சொல்றத கேட்டுக்க, சின்ன விஷயம்தானேன்னு சொல்றாரு" என்றாய். சின்ன விஷயம் என்று நீயும் ஒரு தடவை சொன்னாய், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சரி, அழிப்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்று இன்றைக்கு மத்தியானப் பந்தி முடிந்ததும் கிரைண்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை நாளும் நான் அவற்றை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. குழம்பு கிண்டும்போது மூக்குக்கு முன்னால் போனை நீட்டுவாய், நானும் "நல்லாகீது, தள்ளு" என்பேன். இன்றைக்குத்தான் முதலிலிருந்து பார்த்தேன். பார்த்த உடனே, எல்லாப் படத்திலும் ஒரு மூலையில் வெள்ளையாகப் புகை மாதிரி தெரிந்தது. முந்தானையால் போனைத் துடைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். போகவில்லை. கண்ணில் பூ விழுந்துவிட்டது, கல்யாணச் செலவோடு ஆபரேஷனும் சேர்ந்துகொண்டது என்று பயந்தே போனேன். காலை ஷிஃப்ட் முடித்து வந்த உன் அப்பாதான் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உள்ள படம் எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி நம்ம போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டறான்ல, அந்தப் பிசினு. தெனம் ஒட்டி ஒட்டிப் பிச்சா இன்னா ஆவும்? எம் போன்ல எடுத்தாலும் இப்டித்தான் வரும்" என்றார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அவருக்கும் அதே ஸ்டிக்கர்தான். எப்போதோ நீ சொன்னதும் அப்போது ஞாபகம் வந்தது. காலேஜ் பையன் ஒருத்தன் இது என்ன எஃபெக்ட் என்று ஆசையாகக் கேட்டானாம், நீ 'செக்யூரிட்டி எஃபெக்ட்' என்றாயாம்.

இந்தப் பையன்கள் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும் என்றாலும், உன்னைப் பெற்றவள் அதை எப்படிப் பார்த்தாள் என்பது உனக்குத் தெரியாது. இசக்கி வந்தது சாப்பாட்டுக்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கான்ட்ராக்டில் வந்து வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி லைனில் நிற்கிறவன். முதல் நாளே, "எம்மா, சாம்பார்ல ஏன் வெல்லம் போடுதிய?" என்று கேட்டவன். தட்டைக் கழுவும்போது பாடுவான், அதுவும் ஊரே கேட்கிற மாதிரி. கார்த்தி தருமபுரிப் பையன். அவன் பேச்சை நான் கேட்டது கொஞ்சம், தூக்கத்தைப் பார்த்தது நிறைய. பேஸ் கிடாரை மட்டும் தூக்கத்திலும் விட மாட்டான். ஸ்டீபன் நம் தெருப் பையன்தான். அவன் சர்ச்சில் புது டிரம்ஸ் வாங்கியபோது பழையதைக் கேட்டு வாங்கி, வைக்க இடமில்லாமல் நம் பின்பக்க ஷெட்டில் கொண்டுவந்து போட்டான். உனக்குத் தட்டக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். கொஞ்ச நாளில் நீ அவனைவிட நன்றாகத் தட்ட ஆரம்பித்ததும், "இனிமே எனக்கு இங்க வேல இல்ல ஆன்ட்டி" என்று கிடாருக்குப் போய்விட்டான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று அன்றைக்கு நான் காட்டிக்கொள்ளவில்லை. சத்தம் தலையை வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன். தலை வலித்ததும் உண்மைதான்.

அந்த ஷெட்டில் சத்தத்தை அடக்குவதற்கு நீங்கள் செய்த ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மெஸ்ஸுக்கு வரும் அரிசி மூட்டைகளைச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கி, நடுவில் உட்கார்ந்து வாசித்தீர்கள். மாதத் தொடக்கத்தில் மூட்டைகள் நிறைய இருக்கும், தெருவுக்கு ஒன்றும் கேட்காது. நாள் ஆக ஆக நான் மூட்டை மூட்டையாக உலையில் போட்டுவிடுவேன், உங்கள் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மாதக் கடைசியில் எதிர்வீட்டுக்காரர் வந்து நிற்பார். "இன்னாம்மா, அரிசி தீந்துபோச்சா?" என்பார். அவர் சண்டைக்கு வந்தாரா விசாரிக்க வந்தாரா என்று எனக்கு இன்று வரைக்கும் புரியவில்லை. இசக்கி எழுதிய அந்தப் பாட்டு, 'கம்பெனி பஸ்ஸு போச்சுடா, காலு ரெண்டும் மிச்சண்டா' என்பது, அவர் பேத்திக்கே மனப்பாடம்.

அந்த அக்கா சொன்னது ஒரு வகையில் சரிதான். பாடுகிற படம், வாசிக்கிற படம் ஒன்றுகூட இல்லை. முதலில் எனக்கும் அது விசித்திரமாகத்தான் இருந்தது. பேண்டு என்று சொல்கிறார்கள், ஒருத்தனும் வாசிக்கக் காணோமே என்று. அப்புறம்தான் மரமண்டைக்கு உறைத்தது. அவர்கள் வாசிக்கும்போது நீயும் வாசிப்பாய், உன் இரண்டு கையிலும் குச்சி இருக்கும். குச்சியைக் கீழே வைத்த பிறகுதான் போனை எடுப்பாய். அதனால் உன்னிடம் இருப்பதெல்லாம் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்த நேரம். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்த கார்த்தி, பேஸ் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டையில் சாய்ந்து தூங்குகிறான். ஸ்டீபன் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடாருக்குக் கம்பி மாற்றுகிறான், அவன் பாட்டி பார்த்தால் மயங்கி விழுவார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் இசக்கி தண்ணீரைப் பார்த்துப் பாடிப் பழகுகிறான், முதுகு மட்டும் தெரிகிறது, காற்றில் சட்டை பூரி மாதிரி உப்பியிருக்கிறது. வேலைக்குப் போகிற நாலு பேருடைய ஆஃபும் ஒரே நாளில் விழுவதற்கு நீங்கள் எத்தனை பேர் காலில் விழுந்து ஷிஃப்ட் மாற்றினீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படிக் கிடைத்த நாளில் எடுத்த படங்கள் இவை. இதை 'சும்மா படுத்துகினு கெடக்கறானுங்க' என்று ஒருத்தி சொன்னால் எனக்கு எரிகிறது.

ஒரு படத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். நீங்கள் வாசிக்கப் போன அந்தக் காலேஜ் விழா முடிந்து குட்டி யானை வண்டியில் திரும்பி வந்த படம். உங்கள் இரண்டாவது பாட்டோடு மைக்கை நிறுத்தி, சினிமாப் பாட்டு பாடுவதென்றால் பாடுங்கள் என்று சொன்ன நாள் அது. வீட்டுக்கு வந்து நீ என்னிடம் "நல்லா போச்சும்மா" என்றுதான் சொன்னாய். படத்தில் அப்படியா இருக்கிறது? ஸ்டீபன் பெரிய டிரம் உருளாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்திருக்கிறான். இசக்கி ரோட்டைப் பார்க்கிறான். எப்போதும் தூங்குகிற கார்த்தி அன்றைக்கு மட்டும் விழித்திருக்கிறான், கண் சிவந்திருக்கிறது. படத்தின் அடியில் ஒரு முழங்கால் தெரிகிறது, அது உன்னுடையது. இத்தனை படத்திலும் நீ இருப்பது அவ்வளவுதான். அன்று ராத்திரி நான் போட்ட தோசையை நாலு பேரும் ஏன் அப்படிப் பேசாமல் தின்றீர்கள் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தக் காலேஜுக்குப் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை என்பாய், தெரியும்.

இப்போது அந்தக் குழாயடிப் படத்துக்கு வருகிறேன். எதிரில் யார் நின்றிருந்தார்கள் என்று அந்த அக்கா கேட்டாளே, எதிரில் நின்றிருந்தது நான். உனக்கு ஞாபகம் இருக்கும். புதுப் பாட்டுக்கு எப்படி ஆடப் போகிறேன் என்று சாப்பிடுகிற இடத்திலேயே இசக்கி குதித்துக் காட்டினான். நான் சாம்பார் வாளியோடு வந்தேன். முழு வாளியும் அவன் யூனிஃபார்மில். செகண்ட் ஷிஃப்ட் பஸ் வருகிற நேரம், மாற்றுச் சட்டையும் கிடையாது. அவன் குழாயடியில் சட்டையைக் கசக்க, நான் கரண்டியோடு நின்று, "சோறு துன்ற எடத்துல இன்னாடா ஆட்டம் வேண்டிக் கெடக்கு? பனியனோட லைன்ல நிப்பியா? உங்க சூப்பர்வைசர் மாலை போட்டுக் கூப்புடுவானா?" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்து, "எம்மா, நீங்க ஏசுத ஏச்சு சூட்டுலயே சட்ட காஞ்சிரும் போலுக்கே!" என்று சிரித்தான். நீ கிளிக் செய்தாய். அந்த முப்பத்திரண்டு பல்லும் எனக்காகத் தெரிந்த பல்.

இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அக்கா வாயை மூடியிருப்பாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். ஏன் என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை, இன்றைக்கு யோசித்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு அம்மா பக்கத்தில் நின்றாள், அதனால் அந்தப் படம் பரவாயில்லை என்று ஆகிவிட்டால், நான் நிற்காத ஏரிக்கரைப் படம் தப்பு என்று ஆகிவிடும். குட்டி யானைப் படம் பெரிய தப்பு ஆகிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் நான் ஒரு சாட்சியைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். நீ ஒரு தப்பும் செய்யாதபோது உனக்கு எதற்குச் சாட்சி?

ஒளிக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படங்களைப் பார்த்துக்கொண்டே வரும்போது கொஞ்ச நேரம் எனக்கும் அந்த அக்காவின் கண் வந்துவிட்டது. யாருடைய படம் அதிகம், யாரைக் கிட்டத்தில் எடுத்திருக்கிறாள், யார் உன்னைப் பார்க்கிறான் என்று தேட ஆரம்பித்துவிட்டேன். கணக்குப் பார்த்தால் கார்த்திதான் அதிகம் வருகிறான். காரணம், தூங்குகிறவன் அசைய மாட்டான், எடுப்பது சுலபம். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கிற மாதிரி நானும் உங்கப்பாவும் விறைத்து நிற்போம். உன் படத்தில் ஒருத்தன்கூட விறைக்கவில்லை. வாயைத் திறந்து தூங்குகிறான், அழுகிறான், மூக்கைச் சிந்துகிறான். எடுக்கிறவள் நம்மைக் கேலிப்பொருள் ஆக்க மாட்டாள் என்று தெரிந்தவன்தான் அப்படி இருப்பான். உன்னைப் பற்றி அதற்கு மேல் ஒரு நல்ல சான்று யாராலும் தர முடியாது.

இன்னொன்றையும் நீ யோசித்த மாதிரி தெரியவில்லை. இந்தப் படங்கள் உன்னுடையவை மட்டுமா? இசக்கியின் அம்மா எனக்கு அடிக்கடி போன் செய்வார். உன் பேஜைத் தன் தங்கச்சி மகள் போனில் பார்க்கிறவர். "எம்மா, போன வாரம் போட்ட படத்துல பய கன்னம் ஒட்டிக் கெடக்கு. ராத்திரி சோறு திங்கானா இல்லயா?" என்று கேட்பார். அவனே தன்னை எடுத்து அனுப்பும் படத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு நிற்பான், அதை அவர் நம்ப மாட்டார். நீ எடுத்ததைத்தான் நம்புவார். கான்ட்ராக்ட் முடிந்தால் இந்தப் பையன்கள் ஒரே நாளில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மெஸ்ஸில் எத்தனை முகம் வந்தது, எத்தனை போனது, ஒன்றும் எனக்கு நினைவில்லை. இசக்கியும் கார்த்தியும் இங்கே இருந்தார்கள், பாடினார்கள், சாம்பாரில் குளித்தார்கள் என்பதற்கு உன் போனைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அவர்களைக் கேட்காமல் அதை அழிக்கிற உரிமை எனக்கு இல்லை. உனக்கும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு விட்டுக்கொடு, அனுசரித்துப் போ என்று சொல்வதுதான் வழக்கம். நானும் சொல்கிறேன். சாம்பாரில் வெல்லம் போடுவதை விட்டுக்கொடு, டிவி ரிமோட்டை விட்டுக்கொடு, எந்தக் கோயிலுக்கு எந்த வெள்ளிக்கிழமை போவது என்பதை விட்டுக்கொடு. நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது எதையும் விட்டுவிட்டு வரவில்லை. விடுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, அதனால் எனக்குச் சுலபமாக இருந்தது. உன்னிடம் இருக்கிறது. அதனால் உனக்கு என் அனுபவம் உதவாது, உன் புத்தியைத்தான் நீ பயன்படுத்த வேண்டும். தினேஷை உனக்குப் பிடித்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். மொட்டை மாடியில் அவனோடு போனில் பேசிவிட்டு நீ இறங்கி வருகிற முகத்தைத் தினமும் பார்க்கிறேனே. அந்த முகத்தை அழிக்கவும் எனக்கு மனசில்லை. அதனால்தான் சட்டென்று 'போடி, கல்யாணமும் வேணாம் ஒண்ணும் வேணாம்' என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "பத்திரிக அடிச்சிட்டோமேன்னு அவ பாக்க வேணாம்னு சொல்லு. கல்யாணத்துக்கு வாங்கன அரிசி மெஸ்ஸுக்கு ஆவும். அவளுக்கு இன்னா தோணுதோ அதச் செய்யட்டும்" என்றார். அந்த மனுஷன் ஒரு வருஷத்தில் பேசுகிற பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டு ஃபேனுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைக் கட்டிக்கொண்டதில் நான் ஏமாறவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சம், உன்னிடம் சொல்லி வைக்கிறேன்.

அதற்கப்புறம் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். தினேஷுக்குப் போன் போட்டேன். கோபித்துக்கொள், ஆனால் முழுதாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். "தம்பி, வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பாட்டுக்கு இங்க வந்துடுங்க" என்றேன்.

"எதுனா விசேஷமா அத்தை?"

"விசேஷம்லாம் இல்ல. பேண்டு பசங்க மொத்தப் பேருக்கும் அன்னிக்கு ஆஃபு. ஷெட்டுல வாசிப்பாங்க. சாப்ட்டு, கேட்டுட்டுப் போங்க."

அவன் மெதுவாகக் கேட்டான். "அத்தை, நித்யாவும் வாசிப்பாளா?"

"ஏன் தம்பி அப்டி கேக்கறீங்க?"

"இல்ல அத்தை... எங்கக்கா காட்டனப்புறம் அந்தப் படம் எல்லாத்தையும் மொதல்லருந்து கடைசி வரிக்கும் பாத்தேன். ஒண்ணுல கூட அவ இல்ல. அவ வாசிக்கறப்போ மூஞ்சி எப்டி இருக்கும்னு எனக்கு இன்னும் தெரியாது."

நித்யா, அவன் குரலில் சந்தேகம் இருந்ததா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. கண்காட்சிக்கு எல்லாரும் போய்வந்து தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று குறைப்படுகிற குரல் அது. அந்த அக்கா பார்த்த அதே படங்களை இவனும் பார்த்திருக்கிறான், அவள் பையன்களைத் தேடியிருக்கிறாள், இவன் உன்னைத் தேடியிருக்கிறான். எனக்கு அவனை அப்போதே பிடித்துவிட்டது. ஆனாலும் நான் மெஸ் நடத்துகிறவள், ஒரு வாய் ருசித்துவிட்டு அண்டாவை இறக்க மாட்டேன். "அம்மாவையும் கூட்டிகினு வாங்க தம்பி" என்றேன். "சொல்றேன் அத்தை" என்றான். கூட்டிட்டு வரேன் என்று சொல்லவில்லை, சொல்றேன் என்றுதான் சொன்னான். இதை நீ கவனிக்க வேண்டும்.

அதனால் அந்த ஒரு கேள்விக்காக அவனை உடனே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. என்னிடம் கேட்டதை அவன் தன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். 'எனக்கு அந்தப் படங்களால ஒண்ணும் இல்லம்மா, அவ வாசிக்கறதத்தான் பாக்கணும்' என்று ஒரு வார்த்தை அங்கே சொல்லியிருந்தால், நீ போனைக் கொண்டுவந்து என் ஈரக் கையில் வைத்திருக்க மாட்டாய். இனிமேலாவது சொல்கிறானா என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும். அவர்கள் இரண்டு பேராக வருகிறார்களா, அவன் மட்டும் தனியாக வருகிறானா, வரவே இல்லையா, எதுவானாலும் அது உனக்கு ஒரு பதில்தான். இசக்கியிடம் சொல்லிவிட்டேன். "எம்மா, நா யூனிஃபார்ம் போட்டுட்டே நிக்கட்டா, இல்ல பனியனோட பாடட்டா?" என்று கேட்கிறான், திமிர் பிடித்தவன்.

போன் உன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு படத்தையும் நான் அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ எப்போதும் போல வாசி. அவன் உன் முகத்தைப் பார்க்கட்டும். நீ அவன் முகத்தைப் பார். யாரும் கவனிக்காத நேரத்தில் ஒரு முகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிகிற மாதிரி இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பார்த்த பிறகு, எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று என்னிடம் வந்து சொல்.

அம்மா